ஆஸ்பத்திரிப் பை: மூத்தவர்களுக்கு அரசு தரும் மருத்துவக் காப்பு

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ நிந்தவூரிலோ ஒரு மூத்தவர் வருத்தம் என்று படுத்தால் வீட்டில் முதலில் தொடங்குவது காசுக் கணக்குத்தான். கட்டாரில் இருக்கும் மகனுக்கு அழைப்புப் போகும். மகளின் நகை பேச்சில் வரும். வயலில் எத்தனை ஏக்கரை ஈடு வைக்கலாம் என்று வாசலில் நின்று மச்சான்மார் பேசுவார்கள். பிரதேச செயலகத்தில் ஒருக்கா விசாரிப்போம் என்ற பேச்சு கடைசியில்தான் வரும். பல வீடுகளில் அது வருவதேயில்லை. நகை போய், வயலும் போனபிறகு "இப்படியொரு உதவி இருந்ததா?" என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பக்கத்தில் பலமுறை இருந்திருக்கிறேன். அந்த நேரத்தில் சொல்வதற்கு ஆறுதல் தவிர வேறொன்றும் மிஞ்சுவதில்லை.

மூத்தவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லப் போகிறவர்களுக்காக இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். நீங்கள் மகளாக இருக்கலாம், பேரனாக இருக்கலாம், பள்ளிவாசல் வாலிபர் குழுவில் ஒருவராக இருக்கலாம். பேசுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். வாப்பாவின் நோயைப் பற்றி வாப்பாவிடமே பேசுங்கள். அவரை ஒரு பக்கம் உட்கார வைத்துவிட்டு மருமகனிடம் பேசினால், தன்னிடம் உள்ள பத்திரங்களை அவர் எடுத்துக் காட்டவே மாட்டார்.

"நமக்கு இன்சூரன்ஸ் இருக்கா மகன்?"

எழுபது வயதானால் ஐந்து இலட்சம் ரூபாய்க்கு இலவசச் சிகிச்சை என்று தொலைபேசியில் வந்த வீடியோவைக் காட்டிக் கேட்கும் மூத்தம்மாமார் இப்போது நம் ஊர்களில் அதிகம். அது இந்தியாவின் திட்டம். 2024 இல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தை வருமானம் பாராமல் எழுபது கடந்த எல்லோருக்கும் அங்கே விரிவாக்கினார்கள். தமிழில் வருவதால் அது நம் நாட்டுச் செய்திபோலவே காதில் விழுகிறது. பிழையாகக் கேட்டுவிட்டார் என்று அவரைக் கூச வைக்காமல், நம் நாட்டில் உள்ளதைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.

இலங்கையில் எல்லா முதியவர்களையும் சேர்த்த மருத்துவக் காப்புறுதி என்று ஒன்றில்லை. அதனிடத்தில் இருப்பது இலவச வைத்தியசேவை. 1951 இல் அரச வைத்தியசாலைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. இன்றும் வாட்டுக் கட்டில், வைத்தியர், ஒப்பரேஷன், மருந்து, மூன்று நேரச் சாப்பாடு எதற்கும் காசில்லை. அட்டை வேண்டாம், மாதாந்தக் கட்டணம் இல்லை, வயதெல்லை இல்லை. "ஏற்கெனவே சீனி வருத்தம் உள்ளவர், சேர்க்க மாட்டோம்" என்று யாரும் சொல்வதில்லை. எந்தத் தனியார் காப்புறுதியும் எண்பது வயதுக்காரருக்கு இதைத் தராது. இலவசம் என்றால் தரமில்லை என்ற எண்ணம் நம் ஊர்களில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அந்த எண்ணத்தால் அழிந்த சொத்துகள் கொஞ்சமல்ல. பின்னேரம் சனல் பண்ணிக் காட்டும் அதே விசேட வைத்திய நிபுணர்தான் பெரும்பாலும் காலையில் அரச கிளினிக்கிலும் இருக்கிறார்.

ஓட்டைகளும் உண்டு. மருந்து முடிந்து வெளியே வாங்கச் சொல்லித் துண்டு எழுதுவார்கள். 2022 இன் பொருளாதார நெருக்கடியில் இதை எல்லா வீடும் அனுபவித்தது. சில பரிசோதனைகளை வெளியே செய்யச் சொல்வார்கள். கண்ணுக்குள் வைக்கும் வில்லை, இருதயக் குழாய்க்குள் வைக்கும் ஸ்டென்ட் போன்றவற்றுக்குக் காத்திருக்க நேரலாம், அல்லது வாங்கிவரச் சொல்லலாம். கொழும்புக்கோ கண்டிக்கோ அனுப்பினால் போக்குவரத்தும் கூடப்போகிறவரின் தங்கலும் நம் செலவு. இனி வரும் திட்டங்கள் எல்லாம் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைப்பவை. இலவச வாட்டை விட்டுவிட்டு அவற்றை மட்டும் நம்பிப் போகிறவருக்கு அவை போதாது.

ஆகவே முதல் ஆலோசனை, மூத்தவரை ஓர் அரச கிளினிக்கில் பதிந்து வைப்பது. கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. நிந்தவூர், சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய ஊர்களிலும் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. பெரிய சிகிச்சைக்கு வடக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை, உள்நாட்டுப் பக்கம் அம்பாறைப் பொது வைத்தியசாலை. கிளினிக் கொப்பியில் தொடர்ச்சியாக எழுத்து இருந்தால்தான் அடுத்த வைத்தியசாலைக்குக் கடிதத்தோடு அனுப்புவார்கள். கடிதத்தோடு மாற்றினால் ஆஸ்பத்திரி அம்புலன்ஸிலேயே கொண்டுபோவார்கள். அவசரப்பட்டுச் சொந்த விருப்பில் கையெழுத்து வைத்து வெளியேறினால் அந்தத் தொடர்பு அறுந்துபோகும், பிறகு எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். கொரோனாக் காலத்தில் 2020 இல் கிளினிக் மருந்தைத் தபாலில் வீட்டுக்கே அனுப்பினார்கள். அது கிளினிக்கில் பதிந்திருந்தவர்களுக்குத்தான் கிடைத்தது.

திடீர் நெஞ்சுவலி, ஒரு பக்கம் இழுத்தல், மூச்சுமுட்டு என்றால் முச்சக்கரவண்டி தேடி ஓட வேண்டாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம், தமிழிலும் பேசலாம். அந்த இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மூத்தம்மா தனியே இருக்கும் நேரத்தில் அவருக்கே எடுக்கத் தெரிய வேண்டும். இன்றைக்கே ஒருமுறை அவர் விரலாலேயே அந்த நான்கு இலக்கத்தையும் அழுத்தப் பழக்குங்கள், அழைப்பை மட்டும் கொடுக்காமல்.

பென்சன் வாங்கும் வீடுகள்: அக்ரஹார

கல்முனைக் கரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். அந்த வீடுகளில் அரச காப்புறுதி என்ற சொல்லுக்கு நேரான பொருள் உண்டு. அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதியைத் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. அந்த நிதியம் 2006 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. பணியில் இருப்பவருக்குச் சம்பளத்தில் சிறு தொகை கழிபடும். கூடக் கட்டினால் கூடக் கிடைக்கும் வெள்ளி, தங்கம் என்ற படிகளும் உண்டு.

ஓய்வூதியருக்கான அக்ரஹார 2016 ஜனவரி 1 க்குப் பின் ஓய்வுபெற்றவர்களுக்கென்று தொடங்கியது. அதற்கு முன் ஓய்வுபெற்ற மூத்த ஆசிரியர்கள் "அது நமக்கில்லை" என்று முடித்துவிடுவதைக் காண்கிறேன். அப்படி விட்டுவிட வேண்டாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன; பென்சன் எடுக்கும் பிரதேச செயலகத்தின் ஓய்வூதியப் பிரிவில் ஓய்வுபெற்ற திகதியைச் சொல்லி ஆண்டுக்கொருமுறை கேளுங்கள். ஏற்கெனவே சேர்ந்திருப்பவர் தன் பென்சன் விபரத்தில் கழிவு போகிறதா என்று பார்க்க வேண்டும். மாதாமாதம் கழிபடுவதே தெரியாமல், ஒப்பரேஷனுக்குக் கடன்பட்ட ஒரு ஓய்வுபெற்ற அதிபரை எனக்குத் தெரியும்.

துணைக்கும் இதில் இடமுண்டு. ஆனால் அவருடைய பெயர் பதிவில் இருக்க வேண்டும். வாப்பாவின் பதிவில் உம்மாவின் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறது என்பதை நோய் வருமுன்பே பார்த்துவையுங்கள். அரச வைத்தியசாலையின் இலவச வாட்டில் கிடந்தாலும் நாட்கணக்குக்கு ஒரு கொடுப்பனவு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தனியார் ஆஸ்பத்திரி பில்லுக்கு மட்டும்தான் அக்ரஹார என்று நினைத்து, டிக்கட் வெட்டி வீட்டுக்கு வந்ததும் நோய் நிர்ணய அட்டையை மடித்து அலுமாரியில் வைத்துவிடுகிறார்கள். விண்ணப்பிக்கக் காலக்கெடு உண்டு. வீட்டுக்கு வந்த வாரத்திலேயே படிவத்தை நிரப்புவது நல்லது.

என் உம்மாவின் கண் ஒப்பரேஷனுக்கு வெளியே ஓரிடத்தில் வில்லை வாங்கினோம். பற்றுச்சீட்டில் நோயாளியின் பெயர் எழுதும் இடத்தில், காசு கொடுத்த என் பெயரை எழுதிவிட்டார்கள். அவசரத்தில் நான் பார்க்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது. திருத்திய சிட்டை கேட்டு மூன்று தடவை ஏறி இறங்கினேன், தரவில்லை. அந்தக் காசு போனதைவிட, "என்னால உனக்கு எவ்வளவு அலைச்சல்" என்று உம்மா சொன்னதுதான் இன்னும் மனதில் நிற்கிறது. சிட்டையை வாங்கும்போதே நோயாளியின் முழுப் பெயர், திகதி, பொருளின் விபரம், கடை முத்திரை நான்கையும் பாருங்கள்.

பென்சன் இல்லாதவர்: ஜனாதிபதி நிதியம்

கரைவலை இழுத்தவர், கைத்தறியில் இருந்தவர், குத்தகைக்கு வயல் செய்தவர், வீட்டிலேயே பாய் இழைத்த உம்மா. இவர்களுக்கு அக்ரஹார இல்லை. பெரிய ஒப்பரேஷன் என்றால் இவர்கள் முதலில் கேட்க வேண்டியது ஜனாதிபதி நிதியத்தைப் பற்றி. 1978 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த நிதியம் இது. இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று, புற்றுநோய்ச் சிகிச்சை போன்ற பெருஞ்செலவுகளுக்கு உதவுகிறது. நோய்க்கு நோய் உச்சவரம்பு வேறு. குடும்ப வருமானம் பார்ப்பார்கள். முழுச் செலவையும் தரும் என்று யாருக்கும் உறுதி சொல்லிவிடாதீர்கள். மிச்சத்துக்கு வழி தேட வேண்டியிருக்கும் என்பதை முதல் நாளே சொல்வதுதான் நியாயம்.

முன்பெல்லாம் இதற்குக் கொழும்புக்கு ஓட வேண்டும். இரவு பஸ்ஸில் ஏறி, காலையில் கோட்டையில் இறங்கி, ஒரு கையெழுத்துக் குறைவு என்று திரும்பி வந்தவர்கள் நம் ஊர்களில் ஏராளம். 2025 பெப்ரவரி முதல் பிரதேச செயலகங்களிலேயே விண்ணப்பிக்கலாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, எந்த ஊரானாலும் அவரவர் பிரதேச செயலகத்துக்குப் போனால் போதும். இந்த மாற்றம் ஊருக்குள் இன்னும் சரியாகப் போய்ச் சேரவில்லை. ஜும்ஆவுக்குப் பின் ஒலிபெருக்கியில் ஒருமுறை அறிவித்தால் எத்தனையோ குடும்பம் மிச்சப்படும்.

இதில் தவறவே கூடாத விடயம் நேரம். ஒப்பரேஷனுக்கு முன்பே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். நம்மவர்கள் செய்வது தலைகீழ்: கடன்பட்டு ஒப்பரேஷனை முடித்துவிட்டு, கடன்காரர் வாசலுக்கு வரும்போது படிவத்தைத் தேடுவார்கள். வைத்தியர் "செய்ய வேண்டிவரும்" என்று சொன்ன அன்றே அவரிடம் மருத்துவ அறிக்கையைக் கேளுங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் செய்வதாக இருந்தால் அங்கே செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்துங்கள். வெளிநாட்டில் உள்ள மகனின் வருமானத்தைச் சொல்வதா, மறைப்பதா என்று கேட்பார்கள். மறைக்க வேண்டாம். மாதம் எவ்வளவு அனுப்புகிறார், அதில் வீட்டுக் கடனுக்கும் தங்கச்சியின் கல்யாணக் கடனுக்கும் எவ்வளவு போகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால் அதிகாரிக்குக் குடும்பத்தின் நிலை விளங்கும்.

படிவம் நிரப்பித் தருகிறேன், கொழும்பில் ஆள் இருக்கிறது என்று காசு கேட்பவர்கள் வருவார்கள். ஒரு சதமும் கொடுக்கக் கூடாது. நிரப்பத் தெரியாவிட்டால் உங்களைப் போன்ற ஒருவர் நிரப்பிக் கொடுங்கள், அதற்காகத்தான் இந்த நூலே. படிவத்தைத் தமிழில் கேட்பது உரிமை. விளங்காத மொழியில் உள்ள தாளில் உம்மாவின் பெருவிரலை வைக்க விடாதீர்கள்.

மாதக் கொடுப்பனவுகளும் வேறு சில உதவிகளும்

அறுபது வயதானவருக்கு முதியோர் அடையாள அட்டை உண்டு. பிரதேச செயலகத்தில் உள்ள முதியோர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே அமைந்த முதியோர் செயலகத்தின் கை நம் ஊரில் அவர்தான். மூக்குக்கண்ணாடி, கண் வில்லை போன்ற உதவி அந்த நேரத்தில் இருக்கிறதா என்பதை அவரிடமும் சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்க வேண்டும்.

எழுபது கடந்த, வருமானம் குறைந்த முதியவருக்கு மாதக் கொடுப்பனவு உண்டு; 2025 இல் அது 5,000 ரூபாயாக உயர்ந்தது. குறைந்த வருமானமுள்ள சிறுநீரக நோயாளிக்கான கொடுப்பனவு 10,000 ரூபாய். இவை காப்புறுதி இல்லை. ஆனாலும் மாத மருந்துத் துண்டுக்கும் கிளினிக் போகும் முச்சக்கரவண்டிக்கும் இந்தக் காசுதான் உதவுகிறது. அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசும பட்டியலில் குடும்பத்தின் பெயர் இல்லை என்பதற்காக முதியோர் கொடுப்பனவும் கிடைக்காது என்று விட்டுவிடாமல் தனியாகக் கேளுங்கள்.

அறுபது கடந்தும் கடையிலோ கம்பனியிலோ வேலை செய்பவருக்கு முதலாளி ஊழியர் நம்பிக்கை நிதியம் கட்டுகிறாரா என்று பாருங்கள். சேமிப்புக்கு மட்டுமான நிதியம் இல்லை அது. 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டத்தில் வந்த அந்த நிதியம் கட்டுப்பணம் போய்க்கொண்டிருக்கும் உறுப்பினரின் இருதய ஒப்பரேஷன், சிறுநீரக மாற்று, கண் வில்லை ஆகியவற்றுக்கு உதவுகிறது. கண்ணில் வெண்புரை இருக்கும்போதே வேலையை விட்டு, எல்லாக் காசையும் எடுத்துவிட்டு, பிறகு வில்லைக்குக் காசு தேடுபவருக்கு ஒரு சொல் முன்னதாகச் சொல்லியிருக்கலாம்.

தனியார் காப்புறுதியும் தகாபுலும்

இங்கே மார்க்கத்தைப் பற்றிய கேள்வி வரும். வட்டியும் சூதாட்டத்தன்மையும் கலந்தது என்று காப்புறுதியிலிருந்து ஒதுங்கி நிற்கும் மூத்தவரிடம் வாதம் செய்யாதீர்கள். அவர் நம்பும் ஆலிமிடம் அவரையே கேட்க விடுங்கள். ஒருவருக்கொருவர் பங்களித்துத் தாங்கிக்கொள்ளும் தகாபுல் முறை இலங்கையிலும் உண்டு. ஆனால் தகாபுலோ மற்றதோ, அறுபதுக்கு மேல் புதிதாகச் சேர்வது கடினம். வயதெல்லையும் காத்திருப்புக் காலமும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு விலக்கும் இருக்கும். முகவர் பேசும்போது கூட இருங்கள். சீனி வருத்தத்தை எழுத வேண்டாம் என்று அவர் சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். அது பொய், கோரிக்கையை மறுப்பதற்கு நிறுவனத்தின் கையில் நாமே கொடுக்கும் ஆயுதமும்கூட. எழுபது வயதுக்காரரின் மாதக் காசை இதில் போடுவதைவிட, தனிக் கணக்கொன்றில் மருத்துவத்துக்கென்று சேர்ப்பது பெரும்பாலும் நல்லது என்பது என் எண்ணம்.

பை

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு துணிப்பை தொங்கட்டும். கிளினிக் கொப்பி, அடையாள அட்டைப் பிரதிகள், முதியோர் அட்டை, பென்சன் விபரம், பழைய நோய் நிர்ணய அட்டைகள், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கப் பிரதி, குடிக்கும் மருந்துகளின் பெயர்கள் எல்லாம் அதில் இருக்கட்டும். ஈரம் படாமல் பொலித்தீன் உறைக்குள். 2004 டிசம்பர் 26 இல் மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் கடல் கொண்டுபோனவற்றில் பத்திரங்களும் உண்டு. அன்று தொலைத்ததை இன்றுவரை எடுக்காத மூத்தவர்கள் இருக்கிறார்கள். பிறப்புப் பதிவே இல்லாதவருக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் எடுக்கலாம். மெதுவாகத்தான் நடக்கும், அதனால் ஆள் சுகமாக இருக்கும்போதே தொடங்குங்கள்.

நம் ஊரின் பெரிய சிக்கல் பெயர். பிறப்புச் சான்றிதழில் முகம்மது லெப்பை, அடையாள அட்டையில் முஹம்மதுலெவ்வை, கிளினிக் கொப்பியில் வெறும் லெப்பை. ஊருக்கு இது ஒரே ஆள். கொழும்பில் கோப்பைப் பார்ப்பவருக்கு மூன்று பேர். சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி ஒன்று முடித்து, எல்லாப் பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று எழுதி அந்தப் பையில் வையுங்கள். கிளினிக்கில் அடுத்த முறை கொப்பி மாற்றும்போது அடையாள அட்டையில் உள்ளபடியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

விண்ணப்பம் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி கேளுங்கள், கொடுத்த திகதியைக் கொப்பியில் குறியுங்கள். மாதங்கள் போயும் பதிலில்லை, அல்லது வாய்வார்த்தையில் "ரிஜெக்ட்" என்று மட்டும் சொல்கிறார்கள் என்றால், காரணத்தை எழுத்தில் கேட்க வழி இருக்கிறது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி அந்த அலுவலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கோரிக்கை கொடுக்கலாம். தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலைநாட்களுக்குள் அவர் முடிவு செய்ய வேண்டும். வாப்பாவின் பெயரில், தமிழில், இரண்டு வரியில் எழுதினால் போதும்: என் விண்ணப்பம் எந்தத் திகதியில் யாரிடம் போனது, என்ன முடிவு, என்ன காரணம். ஒரு பிரதியை அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை குத்திய மற்றப் பிரதியை அதே பைக்குள் போடுங்கள்.